ஐந்தடி பத்தில் நிறுத்தப்பட்டவள்

பதின்மூன்று வயதில் என் உயரம் வீட்டுப் பிரச்சினையாக இருந்தது. பதினான்கு நிறைவதற்குள் அது சபைப் பிரச்சினை ஆகிவிட்டது. எங்கள் வீட்டு வரிசையில் வாராவாரம் நடந்த பெண்கள் ஜெபக் கூட்டத்தில், மழை பெய்யவும், துறைமுக வேலை தடையில்லாமல் முடியவும், சபை வளரவும், நான் வளராமல் இருக்கவும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார்கள். "இந்தப் பெண் பிள்ளையின் வளர்த்தியை ஒரு கட்டுக்குள் கொண்டு வாரும் ஆண்டவரே" என்று பக்கத்து வீட்டு அம்மா கண்ணை மூடி உருகியபோது எல்லோரும் முழங்காலில்தான் இருந்தோம். முழங்காலில் இருந்தும் நான் ஒரு தலை உயர்ந்து தெரிந்தேன். ஆண்டவருக்கு என்னை அடையாளம் காண்பதில் சிரமம் இருந்திருக்காது.

எழுபதுகளின் முன்பாதி. முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். புதிய துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். அப்பா அங்கே சர்வேயர். கப்பல் வரும் பாதையில் கடல் எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்வது அவர் வேலை. ஆழம் போதவில்லை என்று அரசாங்கம் கவலைப்பட்டது, உயரம் அதிகம் என்று வீடு கவலைப்பட்டது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அப்பாதான். ஏனென்றால் என்னுடைய எலும்பு அவருடையது. அவர் ஆறடிக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் அவர் ஆலயத்துக்குள் நுழைந்தால், "அண்ணாச்சி நடந்து வாரதே ஒரு கம்பீரம்" என்பார்கள். அதே எலும்பு அவருக்குப் பின்னால் தாவணியில் நடந்து வந்தால் அதன் பெயர் பனைமரம்.

வீட்டில் எல்லோரையும் பயமுறுத்த ஓர் ஆள் இருந்தார். அப்பாவின் அக்கா. எனக்கு அத்தை, அம்மாவுக்கு மைனி. சாத்தான்குளம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ட்ரில் டீச்சர். கழுத்தில் விசிலும் காலில் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, ஆண்களைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசக்கூடிய உயரம். கல்யாணம் ஆகவில்லை. அத்தை விடுமுறைக்கு வந்தால் தன் சம்பளத்தில் தனக்கு வாங்கிய கைக்கடிகாரத்தைக் காட்டுவார், தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தெந்த ஊர்களைத் தோற்கடித்தார்கள் என்று சொல்லுவார், கறிக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். எங்கள் குடும்பத்தில் அப்படி நிம்மதியாகத் தூங்கிய ஆளை நான் வேறு பார்த்ததில்லை. ஆனாலும் அம்மா என்னைப் பற்றி எந்தப் பேச்சை எடுத்தாலும் அது "மைனி மாதிரி ஆயிரப்பிடாது" என்றுதான் முடியும்.

முதலில் வீட்டு வைத்தியம். எனக்குப் பால் நின்றது. என் பங்கு முட்டை அண்ணன் தட்டுக்குப் போனது. அண்ணன் அப்போது காலேஜில் பியூசி. குள்ளம் என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் அவனிடம் பரணிலிருந்து எதையும் எடுத்துத் தரச் சொன்னதில்லை. இரண்டு முட்டையும் ஒரே ஆளுக்குப் போனதில் அவன் அகலத்துக்கு நல்ல பலன் தெரிந்தது. அடுத்து வாலிபால் நின்றது. குதித்தால் எலும்பு நீளும் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதாகக் குடம். தெருக்குழாய்த் தண்ணீரை அதுவரை இடுப்பில்தான் சுமந்தேன். "தலையில வைளா" என்றாள் அம்மா. குடம் அழுத்த அழுத்தக் கழுத்து கொஞ்சமாவது உள்ளே இறங்கும் என்பது அவள் கணக்கு. கழுத்து இறங்கவில்லை, நன்றாக வலுத்தது. ஆனால் வீட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு தீர்ந்தது. நானும் பாவாடைக்குக் கீழே கணுக்கால் தெரியத் தெரிய வளர்ந்துகொண்டே போனேன்.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தில் படித்துவிட்டு ஒரு டாக்டர் ஊருக்குத் திரும்பி, பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஆஸ்பத்திரி திறந்தார். சர்க்கரை, தைராய்டு, வளர்த்தி எல்லாவற்றுக்கும் சுரப்பிகள்தான் காரணம் என்று அவர் சொல்வதாக அப்பாவின் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம்.

டாக்டர் என்னை நிறுத்தி அளந்தார், உட்கார வைத்து அளந்தார், கையை விரிக்கச் சொல்லி அளந்தார். துணிக்கடையில்கூட என்னை அவ்வளவு பொறுமையாக யாரும் அளந்ததில்லை. பிறகு இடது கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார். அதில் பக்கத்துக்குப் பக்கம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கை எலும்புப் படங்கள், வயதுவாரியாக. என் கைக்கு ஒத்துப்போகிற கையைத் தேடினார். கடைசியில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் கையோடு என் கைக்குப் பொருத்தம் கூடி வந்தது. என் வாழ்க்கையில் பார்க்கப்பட்ட முதல் பொருத்தம் அதுதான். பத்துக்குப் பத்தும் பொருந்தியது.

"சார், இங்க பாருங்க" என்று அப்பாவிடம் படத்தைக் காட்டினார். "எலும்பு நுனியில ஒரு கறுப்புக் கோடு தெரியுதா? அதுதான் வளர்ற இடம். மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு, பிட்யூட்டரின்னு பேரு. அது விடுற ஹார்மோன் இந்த இடத்தத் தூண்டிக்கிட்டே இருக்கும். கோடு திறந்திருக்கிற வரைக்கும் பிள்ளை வளரும்."

"எப்ப மூடும்?" என்றார் அப்பா.

"பெண் பிள்ளைங்க வயசுக்கு வந்த பிறகு ஈஸ்ட்ரோஜன்னு இன்னொரு ஹார்மோன் கூடுதலாச் சுரக்கும். அதுதான் மூடும். சிப்பி வாய் மூடுற மாதிரி மெதுவா மூடும். உங்க பிள்ளைக்கு ரொம்ப மெதுவா மூடிக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா ஆறடி போகும்."

"ஏசப்பா" என்றாள் அம்மா.

"அந்த ஹார்மோனையே மாத்திரையா நாம குடுக்கலாம். உடம்பு தானாச் சுரக்கிறதைவிடப் பல மடங்கு. எலும்புக்கு வளர்ற காலம் முடிஞ்சு போச்சுன்னு ஒரு எண்ணம் வந்திரும். சீக்கிரமா மூடிரும். அங்க, இங்கிலாந்து, அமெரிக்கா எல்லா இடத்துலயும் உயரமான பெண் பிள்ளைங்களுக்கு இதைக் குடுக்காங்க."

"அங்கயும் கல்யாணத்துக்காகத்தானா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"பின்னே? எந்த ஊரா இருந்தா என்னம்மா, மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே."

வெள்ளைக்காரத் தாய்மாருக்கும் இதே வயிற்றெரிச்சல்தான் என்று அறிந்ததில் அம்மாவுக்கு அன்று கிடைத்த ஆறுதல், அதற்கு முன் எந்த ஜெபக் கூட்டத்திலும் கிடைத்ததில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டாக்டர், எனக்கு என்ன வியாதி?"

"வியாதியா? ஒண்ணும் கிடையாதும்மா. நீ நல்ல ஆரோக்கியமா இருக்க."

"அப்போ மாத்திரை எதுக்கு?"

டாக்டர் சிரித்தார். அப்பாவைப் பார்த்து, "நல்லாப் படிக்கிற பிள்ளை போல" என்றார். என் கேள்விக்கு அந்த ஆஸ்பத்திரியில் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கி, தலைமகனுக்கு உயரம் கூட ஏதாவது மாத்திரை உண்டா என்று விசாரித்தாள். வந்ததுதான் வந்தோம், இங்கே குறைத்ததை அங்கே சேர்த்துவிட முடியுமா என்று பார்த்தாள் போலிருக்கிறது. "மாத்திரை இல்லம்மா, ஊசி இருக்கு. செத்தவங்க தலையில இருந்து அந்தச் சுரப்பியை எடுத்து, அதிலிருந்து பிரிச்சு எடுக்காங்க. சுரப்பியே வேலை செய்யாத பிள்ளைங்களுக்குத்தான் குடுப்பாங்க. நம்ம ஊர்ல கிடைக்காது. கிடைச்சாலும் உங்க பையன் வயசுக்கு இந்நேரம் கோடு மூடியிருக்கும்" என்றார் டாக்டர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்கு முட்டையே போதும் என்று அந்த நிமிடமே தீர்மானமாகிவிட்டது.

மாத்திரை சின்னது. தினமும் காலையில் அம்மா உள்ளங்கையில் வைத்துத் தருவாள், விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். "கொஞ்சம் குமட்டும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் என்பதற்கு இங்கிலாந்தில் என்ன அர்த்தமோ தெரியவில்லை. முதல் வாரத்திலிருந்தே விடிந்ததும் வயிறு புரளும். கருவாட்டு வாசனை எட்டு வீடு தள்ளி வந்தாலும் கொல்லைக்கு ஓடுவேன். கடற்கரை ஊரில் கருவாட்டு வாசனை வராத காலை ஏது? மார்பு கல்லாகக் கட்டி, தாவணி பட்டாலே வலித்தது. கெண்டைக்கால் சுளுக்கிப் பிடித்தது. பாலும் முட்டையும் இல்லாமலே உடம்பு ஊதியது. மாத விலக்கு வந்தால் போகவே மனம் வராமல் தங்கியது. அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து, "மருந்து வேல செய்யுது" என்று மகிழ்ந்தாள். வளர்த்தியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது வேலை செய்தது உண்மைதான்.

பள்ளிக்கூடம் டவுனுக்குள். பஸ்ஸில் போக வேண்டும். வழியில் எப்படியும் ஒரு தடவை எனக்கு இறங்க வேண்டியிருக்கும். கண்டக்டர் அண்ணாச்சிக்குப் பழகிவிட்டது. என் முகம் வெளுப்பதைப் பார்த்ததும் விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவார். நான் உப்பளத்து ஓரம் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு வந்து ஏறுவேன். வண்டி முழுக்க என்னைப் பார்க்கும். தினமும் காலையில் வாந்தி எடுக்கிற, நாளுக்கு நாள் உடம்பு பூசுகிற, பதினான்கு வயதுப் பெண். ஊருக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்ட ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒரு நாள் பின்வரிசைக்கு மாறினாள். அவள் அம்மா சொல்லியிருக்கிறாளாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்தால் வேப்பமரத்தடியில் சட்டென்று பேச்சு நிற்கும். எனக்கு முதலில் புரியவே இல்லை. வாந்தி வாடை பிடிக்கவில்லை என்றே நினைத்து, அழுத்தித் தேய்த்துக் குளித்தேன்.

பிறகு தலைமையாசிரியை அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் அறையில் அம்மா நாற்காலியில், நான் சுவரோரம்.

"எத்தனை மாசமாச்சு?" என்று தலைமையாசிரியை மெதுவான குரலில் ஆரம்பித்தார்.

"நாலு மாசம் இருக்கும் டீச்சர்" என்றாள் அம்மா.

தலைமையாசிரியை கண்களை மூடித் திறந்தார். "வீட்டுல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியுமே. அவ அப்பாதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க."

"பிள்ளையோட அப்பாவே கூட்டிட்டுப் போனாரா?"

"ஆமா டீச்சர். முதல்லயே கூட்டிட்டுப் போயிருந்தா இன்னும் நல்லது, லேட்டாயிட்டுன்னு டாக்டர் வருத்தப்பட்டாரு."

"சரி. இனிமே எவ்வளவு காலம்னு சொல்லுதாங்க?"

"இன்னும் ரெண்டு வருசம் ஆகுமாம்."

தலைமையாசிரியை நாற்காலியில் நிமிர்ந்தார். "ரெண்டு வருசமா? எதுக்கு ரெண்டு வருசம்?"

"எலும்பு மூடுததுக்கு."

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தில் அவளுக்குப் பேச்சு குழறியது. உயரத்தைக் குறைக்க மாத்திரை தருகிறோம், அதனால்தான் வாந்தி என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு மோசமான பொய்யாகத் தோன்றுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. தலைமையாசிரியை முப்பது வருடமாகப் பெண்பிள்ளைகளின் தாய்மார் சொல்லும் காரணங்களைக் கேட்டவர். இவ்வளவு சிரமப்பட்டு யோசித்த ஒன்றை அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

"நாளைக்கு மாத்திரைய கொண்டாந்து காட்டுதேன், நீங்களே பாருங்க" என்றாள் அம்மா.

மறுநாள் குப்பியோடு போனோம். தலைமையாசிரியை விடுதியில் இருந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். நர்ஸம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு குப்பியைச் சுடுவது போல மேசையில் வைத்தார்.

"இதுவா? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையில போடுத மருந்துல்லா இது" என்றார். "பிள்ள தங்காம இருக்கக் குடுக்கது. இது அதவிட எவ்வளவோ கூடுதலா இருக்கு."

ஆக, குற்றத்துக்கு அதுவரை சாட்சி மட்டும்தான் இருந்தது. இப்போது தடயமும் கிடைத்துவிட்டது. அதை அம்மாவே கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசியில் அப்பா போய் டாக்டரையே காரில் கூட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. டாக்டர் தலைமையாசிரியையிடம் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். முதல் நாள் அம்மா தமிழில் சொன்ன அதே விஷயம்தான். ஆங்கிலத்தில் கேட்டதும் தலைமையாசிரியைக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. "வெரி இன்ட்ரெஸ்டிங்" என்றார். நாங்கள் கிளம்பும்போது என் தலையைத் தடவ நினைத்தார், எட்டவில்லை, தோளைத் தட்டினார். நடந்த அத்தனையிலும் என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சு ஓய்ந்தது. முழுதாக ஓயவில்லை. டாக்டர் பணம் வாங்கிக்கொண்டு அப்படிச் சொன்னார் என்று நம்பியவர்கள் கடைசிவரை நம்பினார்கள்.

நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமென்று ஆரம்பித்த வைத்தியம், எந்த மாப்பிள்ளையும் வராதபடி ஆக்கிவிடப் பார்த்தது. அதற்காக அதை நிறுத்தினார்களா என்றால் இல்லை. பாதியில் விட்டால் பட்டதெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வருட அசனத்துக்கு அத்தை வந்தார். ஆலய வளாகத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. என்னைக் கண்டதும் அத்தை, "என்னளா இப்படி ஊதிப் போயிருக்க? வாலிபால் ஆடுததில்லயா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சோற்றைப் பார்த்தாள். விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தை விடவில்லை. அப்பா மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். சுரப்பி, கோடு, ஆறடி.

"எதுக்குலே?" என்றார் அத்தை.

"நாளைக்கு ஒரு எடத்துல கெட்டிக் குடுக்கணும்லா அக்கா."

"ஒன்னய யாராவது நறுக்கினாங்களா?"

"நான் ஆம்பள."

"சரி. என்னய?"

அம்மா சமாதானமாக, "மைனி, நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒங்களுக்கு அந்தக் காலத்துல இந்த மருந்து இல்ல. இருந்திருந்தா ஒங்களுக்கும் ஒரு நல்லது நடந்திருக்கும்" என்றாள். அம்மா அதை உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள்.

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. அவர் முகம் மாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "என்னயக் காட்டித்தான் இவ்வளவு நாளும் பிள்ளைக்குப் பயங்காட்டிட்டு இருந்தியளா?" என்று கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பி, "ஏளா, ஒனக்கு என்ன வேணும்?" என்றார்.

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வாயில் வந்தது இதுதான். "கொமட்டாம சாப்பிடணும் அத்தை."

அத்தை எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். எனக்காகச் சண்டை போடுவார், என்னைச் சாத்தான்குளத்துக்குக் கூட்டிப் போவார் என்றெல்லாம் வாசலில் நின்று எதிர்பார்த்தேன். பஸ் வந்தது, ஏறினார், போனார். அவருக்கும் அன்று அழ ஒரு தனி இடம் வேண்டியிருந்திருக்கும் என்பது ரொம்ப வருடம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

ஆனால் கேட்ட கேள்வி கேட்டதுதான். மறுநாள் காலை அம்மா மாத்திரையை நீட்டினாள். வாயில் போட்டேன், நாக்குக்கு அடியில் தள்ளினேன், தண்ணீரை மட்டும் விழுங்கினேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் உப்பளத்து வாய்க்காலில் துப்பினேன். மறுநாளும் அப்படியே. அதன் பிறகு எல்லா நாளும். அந்த வாய்க்காலில் இருந்த மீன்கள் குட்டையாகப் போயிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

சில வாரங்களில் குமட்டல் போய்விட்டது. "ஒடம்புக்கு மருந்து பழகிட்டு" என்றாள் அம்மா. உடம்பு வடிந்தது. "கெட்ட நீர் எறங்குது" என்றாள். பஸ்ஸில் கண்டக்டர் அண்ணாச்சி, "என்ன பாப்பா, இப்ப தேவலையா?" என்று விசாரித்தார். முதல் தடவையாகக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு தின்றபோது அழுகை வந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த எக்ஸ்ரேக்குப் போனோம். கையில் உள்ள எலும்பு என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தேன். டாக்டர் புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்? கோடு எவ்வளவு மெலிஞ்சு போச்சு. மருந்து நல்லாப் பிடிச்சிருக்கு. இதே டோஸ் கன்டினியூ பண்ணுவோம்."

எலும்பு தானாகவே மூடிக்கொண்டிருந்தது. அல்லது முதல் மாதங்களில் விழுங்கியதே போதுமானதாக இருந்தது. எது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. டாக்டருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் சொன்ன டோஸ் தவறாமல் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினாறு வயதில் ஐந்தடி பத்தில் நின்றேன். "ரெண்டு இஞ்சு மிச்சம் பிடிச்சிருக்கோம்" என்று டாக்டர் அப்பாவுக்குக் கை கொடுத்தார். வராத இரண்டு அங்குலத்தை எதை வைத்து அளந்தார் என்று கடல் ஆழத்தையே அளக்கிற அப்பா கேட்கவில்லை. ஏதோ ஒரு டாக்டர்கள் கூட்டத்துக்குக்கூட என்னைக் கூட்டிப் போனார்கள். பளபளப்பான மேடையில் நான் நின்றேன், கோட்டுப் போட்டவர்கள் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் ஒன்றும் செய்யாமல் கைதட்டல் வாங்கியது அன்றைக்குத்தான். டாக்டருக்கும் அப்படியே.

படிப்பு முடிந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா என்னை ஏற்கெனவே நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். காப்பியை அண்ணன் கொண்டுவந்தான். எந்த வீட்டிலும் பெண் பார்க்கும்போது அண்ணன் காப்பி கொண்டுவந்து பார்த்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை திருநெல்வேலியில் கல்லூரி ஆசிரியர், ஐந்தடி ஆறு. அவருடைய அம்மா, "பிள்ள கொஞ்சம் எந்திரிக்கட்டும்" என்றார். நான் எழுந்தேன். அறையில் கொஞ்சம் வெளிச்சம் குறைந்தது. அதை ஈடுகட்ட அம்மா அவசரமாகச் சொன்னாள்:

"ஆறடி வர வேண்டியவ. ரெண்டு வருசம் மருந்து குடுத்து இந்த அளவுக்குக் கொறைச்சிருக்கோம்."

ஆடித் தள்ளுபடியில் துணி காட்டுகிற கடைக்காரருக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது. நான் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினேன். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் உற்றுப் பார்த்தார். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் சரி என்றேன். அத்தை கல்யாணத்துக்கு வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் கையால் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டார். அம்மாவிடமும் பேசினார். மருந்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நிறையக் கேட்டார். சின்ன வயதில் ஏதாவது ஹார்மோன் மருந்து எடுத்ததுண்டா என்று கேட்டபோது, வளர்த்தி மாத்திரை பற்றிச் சொன்னேன். மருந்தின் பெயரைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எவ்வளவு காலம் எடுத்தீங்க?"

பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடம் என்றுதான் அவருக்கும் தெரியும். குடும்பத்தில் எல்லோருக்கும் அதுதான் தெரியும். நான் உண்மையைச் சொன்னேன். முதல் சில மாதங்கள் விழுங்கினேன், மிச்சத்தைத் துப்பிவிட்டேன்.

"அதனாலதான் இப்படியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா" என்றார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைக் குடுத்தவங்க யாரும் பின்னாடி என்ன ஆச்சுன்னு பாத்துக்கிட்டு இருக்கல."

தெரியாது என்று சொன்ன டாக்டரை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். என் கணவர் இரண்டு காப்பி சொன்னார். காப்பி வந்தது, ஆறியது.

"துப்பினதை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசித்தார். "ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். சேந்து சிரிச்சிருப்போம்."

எனக்கு அழுகை வந்தது. காரம் என்று சொல்ல அங்கே வெறும் காப்பிதான் இருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்து எனக்கு நேரே போட்டார். காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார். திருநெல்வேலி பஸ்ஸில் எனக்குக் கால் நீட்ட இடம் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்வர் வந்து, "கால எடும்மா, ஆள் உட்காரணும்" என்றான். "வேற நாற்காலி கெடக்குல்லா, அதுல உட்காரட்டும்" என்றார் அவர்.